சின்னக் காருக்குப் பின்னால் ட்ரெய்லரில் பைக்: ராமநாதபுரம் கடற்கரைச் சாலைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உச்சிப்புளி பக்கமோ ஏர்வாடி பக்கமோ பைக் படுத்துவிட்டால் நம் ஊரில் இரண்டு வழிதான் வழக்கம். பின்னால் இன்னொரு பைக்காரர் கால் கொடுத்துத் தள்ளிக்கொண்டே வருவார். அல்லது குட்டி யானை ஒன்றைப் பிடித்து, நாலு பேர் சேர்ந்து தூக்கி வைத்து, மீன்பிடிக் கயிற்றால் கட்டி அனுப்புவோம். முதல் வழியை யாரும் செய்யவே கூடாது. இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் கட்டுப்பாட்டை இழக்கும், இரண்டு பேரும் சேர்ந்து விழுவார்கள். இரண்டாவது வழி நல்ல வழி. ஒரே ஒரு தடவைதான் தேவை என்றால் குட்டி யானையே போதும், இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டியதில்லை.

மகனின் பைக்கை மதுரைக் கல்லூரிக்கும் வீட்டுக்குமாகக் கொண்டுபோய் வருபவர்கள், பழைய வண்டி வாங்கிச் சரிசெய்பவர்கள், குடும்பத்தோடு காரில் போய் அங்கே பைக் ஓட்ட ஆசைப்படுபவர்கள், இவர்களுக்குச் சொந்தமாக ஒரு சின்ன ட்ரெய்லர் உண்மையிலேயே உதவும். ஆனால் ட்ரெய்லர் இழுப்பதில் முக்கால்வாசி வேலை கார் நகர்வதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பாரம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அதைச் சரியாக வைத்துவிட்டால் சுமாரான ஓட்டுநரும் பத்திரமாகப் போய்ச் சேருவார். தப்பாக வைத்தால் எவ்வளவு கெட்டிக்கார ஓட்டுநரும் பாம்பன் பாலத்தில் திணறுவார்.

முதலில் காரைக் கேளுங்கள்

காருடன் வந்த கையேட்டை எடுத்து, ட்ரெய்லர் இழுப்பது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நம் நாட்டில் விற்கும் சின்னக் கார்கள் பலவற்றில் இழுவை எடை எதுவும் கொடுத்திருக்காது, அல்லது இழுக்கக் கூடாது என்றே சொல்லியிருக்கும். கூடாது என்று இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘பக்கத்து வீட்டுக்காரர் அதே காரில் இழுக்கிறாரே’ என்பது பதில் ஆகாது. எடை கொடுத்திருந்தால் அது ட்ரெய்லரும் பைக்கும் சேர்ந்த மொத்த எடைக்கான வரம்பு, பைக்குக்கு மட்டும் அல்ல.

சின்ன ட்ரெய்லர்களில் பிரேக் இருக்காது. நிறுத்தும் வேலை முழுவதும் காரின் பிரேக்குக்குத்தான். பிரிட்டனில் பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு 750 கிலோ அல்லது காரின் எடையில் பாதி, இரண்டில் எது குறைவோ அதுதான் சட்ட வரம்பு. நான் அதைவிடக் கறாராக இருக்கச் சொல்வேன்: நம் சாலையில், நம் ஆடு மாடுகளுக்கு நடுவே, ட்ரெய்லரின் மொத்த எடை காரின் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். ஸ்விஃப்ட் அளவுள்ள கார் சுமார் 900 கிலோ. அப்படியென்றால் 300 கிலோவுக்குள்.

பைக்கின் எடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பிளெண்டர் சுமார் 112 கிலோ, பல்சர் 150 சுமார் 148 கிலோ, புல்லட் கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. ட்ரெய்லரே 100 முதல் 150 கிலோ வரும். ஸ்பிளெண்டரையும் பல்சரையும் இந்த அளவு காரால் இழுக்கலாம். 120 கிலோ ட்ரெய்லரில் புல்லட்டை ஏற்றினால் 315 கிலோ ஆகிவிடும், வரம்புக்கு வெளியே. அதற்குக் கொஞ்சம் பெரிய கார் வேண்டும். ஆல்டோ போன்ற கார் என்றால் ஸ்பிளெண்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பேப்பர் வேலை

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 61-வது பிரிவு ட்ரெய்லரையும் பதிவு செய்யச் சொல்கிறது. இழுக்கும் காரின் எண் ட்ரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். ஆகவே பழைய ஜீப் ஆக்சிலை வைத்துப் பட்டறையில் அடித்து, அப்படியே ரோட்டில் இறக்கிவிட முடியாது. முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிட்டு, பதிவு செய்யக்கூடிய ட்ரெய்லரையே வாங்குங்கள். காரின் இன்ஷூரன்ஸ் தானாக ட்ரெய்லருக்கும் சேர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ட்ரெய்லரைப் பாலிசியில் சேர்க்கச் சொல்லி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் வண்டியை ஏற்றினால் அது வாடகைத் தொழில், சொந்த உபயோகக் கார் அதற்குச் செல்லாது.

ட்ரெய்லரில் பார்க்க வேண்டியவை

பைக்குக்கு ஏற்ற ட்ரெய்லரில் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளத் தடம் இருக்கும், முன் முனையில் முன்சக்கரத்தைக் கவ்வும் சட்டம் இருக்கும். இந்தச் சட்டத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் போல்ட் போடும்படி இருக்கிறதா என்று பாருங்கள். ஏன் என்பது பாரக் கணக்கில் புரியும். தரையிலிருந்து தளம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உள்ள அகலம் காரின் அகலத்தை ஒட்டி இருக்கட்டும். குறுகலான ட்ரெய்லரில் உயரமான பைக்கை வைத்தால் திருப்பத்தில் கவிழப் பார்க்கும்.

முன்சக்கரத்தை மட்டும் தூக்கிவைத்து, பின்சக்கரம் ரோட்டில் உருளும் வகையும் உண்டு. பல பைக்குகளில் எஞ்சின் ஓடினால்தான் கியர்பாக்ஸின் மேல் பக்கத்துக்கு ஆயில் போகும். எஞ்சின் அணைந்திருக்க, பின்சக்கரம் மட்டும் ஐம்பது கிலோமீட்டர் சுற்றினால் உள்ளே தேயும். பக்கத்துத் தெரு மெக்கானிக் வரை சரி, ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் வரை வேண்டாம்.

ட்ரெய்லர் சக்கரம் சின்னது. கார் சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றும், அதனால் பேரிங் சீக்கிரம் சூடாகும். கடற்கரைக் காற்றில் கிரீஸுக்குள் உப்பு ஈரம் போய்விட்டால் பேரிங் துருப்பிடித்துச் சத்தம் போடும். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று கேட்டால் புது பேரிங், புது கிரீஸ். ட்ரெய்லருக்குத் தனியாக ஒரு ஸ்டெப்னி கட்டாயம். சாலையோரச் சீமைக்கருவேல முள் சின்ன டயரைச் சுலபமாகக் குத்தும், கார் ஸ்டெப்னி அதில் பொருந்தாது. காரில் இருக்கும் ஜாக்கி ட்ரெய்லருக்கு அடியில் நிற்கிறதா என்பதையும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

காரோடு சேர்க்கும் இடம்

பம்பரில் திருகி மாட்டுகிற இழுவைக் கொக்கி ட்ரெய்லருக்கு அல்ல. அது சேற்றில் மாட்டிய காரை மெதுவாக இழுத்து வெளியே எடுக்க மட்டும். ட்ரெய்லருக்கு, காரின் அடிச்சட்டத்தில் பல இடங்களில் போல்ட் போட்ட தனி ஹிட்ச் சட்டமும், அதன் முனையில் இரும்புப் பந்தும் வேண்டும். பந்தின் அளவு பொதுவாக 50 மில்லிமீட்டர். ட்ரெய்லரின் மூக்கில் பந்தைக் கவ்வும் கப்ளரும் அதே அளவுதானா என்று பாருங்கள். பெரிய கப்ளர் சின்னப் பந்தில் உட்கார்ந்தது போலவே தெரியும், முதல் ஸ்பீடு பிரேக்கரில் கழன்றுவிடும். கப்ளரைப் பூட்டியதும் இரண்டு கையாலும் மேலே தூக்குங்கள். காரின் பின்பக்கம் சேர்ந்து எழும்ப வேண்டும். எழும்பவில்லை என்றால் பூட்டவில்லை.

சேர்த்த பிறகு சற்று எட்ட நின்று பக்கவாட்டில் பாருங்கள். ட்ரெய்லர் தளம் தரைக்கு இணையாக இருக்க வேண்டும், மூக்கு ஒரு விரல் தாழ்ந்திருந்தாலும் பரவாயில்லை. மூக்கு தூக்கியிருந்தால் கிளம்பாதீர்கள். பந்தின் உயரத்தை மாற்றும் துண்டு கடையில் கிடைக்காவிட்டால் நல்ல பட்டறையில் செய்யலாம். கீழக்கரையில் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்) என்றால் “காக்கா, இந்தப் பந்து ரெண்டு இஞ்சு ஏறணும், வெல்டிங் மட்டும் வேணாம், போல்ட் போடுற மாதிரி செஞ்சு தாங்க” என்று கேட்டு வாங்குங்கள். வெல்டிங் வெடித்திருந்தால் வெளியே தெரியாது. போல்ட் தளர்ந்தால் ஸ்பானர் வைத்தாலே தெரிந்துவிடும்.

இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள் வேண்டும். மூக்குக்கு அடியில் குறுக்காக, வலதை இடப்பக்கமும் இடதை வலப்பக்கமும் மாட்டுங்கள். கப்ளர் கழன்றால் மூக்கு ரோட்டில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலிமேல் உட்காரும். திரும்பும்போது இறுகாத அளவு தளர்வு இருக்கட்டும், தரையில் உரசும் அளவு வேண்டாம்.

விளக்கு ஒயரில் 7 பின் பிளக்தான் பரவலானது. வழக்கமான வரிசையில் மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக், வெள்ளை எர்த், பழுப்பும் கறுப்பும் பின்விளக்குகள். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மினுக்குகிறது என்றால் பத்துக்கு ஒன்பது எர்த் கோளாறுதான். நம் பக்கத்து உப்புக் காற்றில் எர்த் போல்ட் பச்சை பூத்துவிடும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவிவிடுங்கள்.

முன்பாரம்: எல்லாமே இதில்தான்

கப்ளர் பந்தின் மீது அழுத்தும் எடையை நான் முன்பாரம் என்று சொல்கிறேன். மொத்த ட்ரெய்லர் எடையில் 7 முதல் 10 சதவீதம் முன்பாரமாக இருந்தால் ட்ரெய்லர் சொன்னபடி பின்னால் வரும். அதைவிடக் குறைந்தால் வால் ஆடத் தொடங்கும். முன்பாரமே இல்லாமல் பின்பாரமாகிவிட்டால் ட்ரெய்லர் காரின் பின்பக்கத்தைத் தூக்கும், வேகம் ஏற ஏற இடதும் வலதுமாகக் காரையே ஆட்டும். அதிகமானாலும் தொந்தரவுதான். நம் சின்னக் கார்கள் பெரும்பாலும் முன்சக்கரத்தால் ஓடுபவை. பந்தில் கூடுதல் எடை விழுந்தால் பின்சக்கரம் அமுங்கி முன்சக்கரம் லேசாகும். ஸ்டியரிங் பிடிப்பும் போகும், பாலத்து ஏற்றத்தில் இழுவையும் போகும். பந்தின் மேல் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று காருக்கும் ஹிட்சுக்கும் தனித்தனி வரம்பு இருக்கும், அதையும் பாருங்கள்.

ஒரு கணக்கு போடுவோம். ட்ரெய்லர் 120 கிலோ, பைக் 150 கிலோ, மொத்தம் 270. பத்து சதவீதம் என்றால் 27 கிலோ, ஏழு என்றால் சுமார் 19. வெறும் ட்ரெய்லரின் முன்பாரம் 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ட்ரெய்லரின் ஆக்சிலிலிருந்து, அதாவது சக்கர அச்சிலிருந்து, பந்து வரை 200 சென்டிமீட்டர். பைக்கின் எடை மையம் ஆக்சிலுக்கு 10 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், 150-ஐ 10-ஆல் பெருக்கி 200-ஆல் வகுக்க, 7.5 கிலோ கிடைக்கும். ட்ரெய்லருடையதையும் சேர்த்தால் 17.5, கொஞ்சம் குறைவு. 15 சென்டிமீட்டர் முன்னால் என்றால் 21 கிலோவுக்கு மேல், சரியான இடம். இப்போது அதே பைக்கை ஆக்சிலுக்கு 15 சென்டிமீட்டர் பின்னால் வையுங்கள். முன்பாரம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும்.

ஒரு சாண் என்பது சுமார் 23 சென்டிமீட்டர். இந்த ட்ரெய்லரில் பைக் ஒரு சாண் நகர்ந்தால் முன்பாரம் 17 கிலோ மாறுகிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பைக் அழகாக நடுவில் நிற்பது போலத்தான் இருக்கும். நகர்த்தக்கூடிய முன்சட்டம் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். ஸ்பிளெண்டருக்குச் சரியாக இருக்கும் இடம் புல்லட்டுக்குச் சரியாக இருக்காது.

அளப்பது சுலபம். வீட்டில் ஆள் எடை பார்க்கிற மெஷினைச் சமதளத்தில் வையுங்கள். பந்து இருக்கும் உயரத்துக்கு ஒரு கட்டையை வெட்டி, மெஷினின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். பைக்கை ஏற்றிக் கட்டி முடித்த ட்ரெய்லரின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு, கப்ளரை அந்தக் கட்டையின்மேல் மெதுவாக இறக்குங்கள். மெஷின் காட்டும் எடையில் கட்டையின் எடையைக் கழித்தால் முன்பாரம் வந்துவிடும். சரியான இடம் கிடைத்ததும் முன்சட்டம் நிற்கும் இடத்தில் பெயின்ட்டால் கோடு போட்டு, பக்கத்தில் பைக்கின் பெயரை எழுதிவிடுங்கள். அடுத்த முறை மெஷின் தேவைப்படாது.

டூல் பாக்ஸ், ஹெல்மெட், தண்ணீர் கேன் எல்லாம் காருக்குள் போகட்டும். ட்ரெய்லரின் பின்முனையில் தொங்கவிட்ட பத்து கிலோ பை, பந்தில் இருக்க வேண்டிய எடையைத் திருடிவிடும்.

பைக்கை ஏற்றுவது

சமதளம், கெட்டித் தரை, கார் ஹேண்ட் பிரேக்கில், ட்ரெய்லர் காரோடு பூட்டியபடி. தனியாக நிற்கும் ட்ரெய்லரில் பைக்கை ஏற்றாதீர்கள். பைக் சறுக்குப் பலகையின் நுனிக்கு வரும்போது எடை முழுவதும் பின்னால் விழுந்து மூக்கு வானத்தைப் பார்க்கும்.

சறுக்குப் பலகை நீளமாக இருந்தால் ஏற்றம் குறையும். தளம் அரை மீட்டர் உயரம் என்றால் இரண்டு மீட்டருக்குக் குறையாத பலகை நல்லது. பலகையின் மேல்முனை ட்ரெய்லரிலிருந்து நழுவாமல் கொக்கியோ பெல்ட்டோ போட்டுக் கட்டுங்கள். இந்த வேலையில் காலை உடைத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் பலகை நழுவித்தான் உடைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு பேர் போதும். ஒருவர் பைக்கின் இடப்பக்கம் நின்று ஹேண்டிலைப் பிடித்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, முதல் கியரில் அரைக் கிளட்ச் கொடுத்து நடத்தி ஏற்ற வேண்டும். ஓடாத வண்டி என்றால் நியூட்ரலில் தள்ள வேண்டும், அதற்கு மூன்றாவது ஆள் நல்லது. இன்னொருவர் பின்னால் கம்பியைப் பிடித்துச் சாயாமல் பார்த்துக்கொள்வார். பேசுவது ஒருவர் மட்டும். “அண்ணே, விடுங்க, நான் புடிச்சுக்கிறேன்” என்று இரண்டு பக்கமும் சத்தம் வந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விட்டுவிடுவார்கள். பைக்மேல் உட்கார்ந்து ஓட்டி ஏற்றவே வேண்டாம். மேலே போனதும் கால் ஊன்ற இடம் இருக்காது.

முன்சக்கரம் சட்டத்தில் கவ்வியதும் முதல் கியரில் போட்டு எஞ்சினை அணையுங்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் டேப்பை மூடுங்கள்.

கட்டுவது

ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் நல்ல நைலான் கயிறு எந்தக் கடையிலும் கிடைக்கும், முடிச்சுப் போடத் தெரிந்த கைகளும் நம் ஊரில் நிறைய. ஆனாலும் பைக்குக்கு அது வேண்டாம். நைலான் இழுத்தால் நீளும், நனைந்தால் இன்னும் நீளும். வலைக்கும் நங்கூரத்துக்கும் அந்த நீட்சிதான் வேண்டும், பைக்குக்கு ஆகாது. ராட்செட் (பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் பூட்டு) வைத்த பாலியஸ்டர் பெல்ட் நான்கு வாங்குங்கள். தாங்கும் எடை பெல்ட்டிலேயே எழுதியிருக்கும். வேலைச்சுமை என்று இருக்கும் எண்ணைப் பாருங்கள், அறுந்துபோகும் எண்ணை அல்ல. அறுந்துபோகும் எண் பொதுவாக வேலைச்சுமையைப் போல மூன்று மடங்கு இருக்கும். பைக்கின் எடைக்குச் சமமான வேலைச்சுமை ஒவ்வொரு பெல்ட்டுக்கும் இருந்தால் நிம்மதி.

முன்பக்க இரண்டு பெல்ட்தான் பைக்கை நிறுத்துபவை. ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் பிடித்திருக்கும் கீழ்ப் பிளேட்டில், பெயின்ட்டைக் கீறாத மெத்தென்ற துணி வளையம் போட்டு, அதில் கொக்கியை மாட்டுங்கள். அங்கிருந்து பெல்ட் முன்னோக்கியும் வெளிநோக்கியும் கீழே இறங்க வேண்டும். நேராகக் கீழே இழுத்தால் பைக் பக்கவாட்டில் ஆடும். பிரேக் ஒயர், இண்டிகேட்டர், மட்கார்டு எதன் மேலும் பெல்ட் உரசக் கூடாது. ஒருவர் பைக்கை நேராகப் பிடித்துக்கொள்ள, இடதில் கொஞ்சம், வலதில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஃபோர்க் பாதி அமுங்கினால் போதும், சாதாரண பைக்கில் அது ஐந்தாறு சென்டிமீட்டர். அடிமட்டம் வரை அமுக்கினால் ஆயில் சீல் கெடும். குழியில் விழும்போது பைக்குக்கு அசைய இடமும் இருக்காது, அந்த அடி முழுவதும் பெல்ட்டுக்குப் போகும்.

பின்பக்க இரண்டு பெல்ட் பைக்கின் வால் துள்ளாமல் இருப்பதற்கு. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ சீட்டுக்குக் கீழே உள்ள சட்டத்திலோ மாட்டிப் பின்னோக்கி இழுங்கள். சைலன்சரைத் தொட வேண்டாம், சூட்டில் பெல்ட் உருகும். மிதமாக இறுக்கினால் போதும்.

ஸ்டாண்டை மடக்கிவிடுங்கள். சைடு ஸ்டாண்டிலோ சென்டர் ஸ்டாண்டிலோ நிறுத்திக் கட்டுவது பலரும் செய்வது, ஆனால் தப்பு. ஒவ்வொரு குழியிலும் ஸ்டாண்ட் தளத்தில் குத்திக் குத்திப் பெல்ட்டைத் தளர்த்தும். பைக் இரண்டு சக்கரத்தில்தான் நிற்க வேண்டும். கட்டி முடித்ததும் ஹேண்டிலைப் பிடித்து உலுக்குங்கள். பைக்கும் ட்ரெய்லரும் காரும் சேர்ந்து ஆடினால் கட்டு சரி.

ஸ்கூட்டி வகையில் வெளியே தெரிவதெல்லாம் பிளாஸ்டிக், அதில் கொக்கி போட்டால் பிளந்துவிடும். முன்னால் ஹேண்டில் கம்பியிலும், பின்னால் பின்சீட்டுக் கம்பி சட்டத்தோடு சேரும் இடத்திலும் துணி வளையம் போடுங்கள். கூடுதலாக ஒரு பெல்ட்டைக் கால் வைக்கும் தட்டுக்குக் குறுக்கே போடலாம்.

மீதிப் பெல்ட்டைச் சுருட்டி முடிந்துவிடுங்கள். தொங்கினால் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். பைக்குக்கு உறை போட்டுக் கொண்டுபோக வேண்டாம். காற்றில் அது படபடவென்று அடித்து, நூறு கிலோமீட்டரில் டேங்க் பெயின்ட்டைத் தேய்த்துவிடும், பாய்மரம் போலக் காற்றையும் வாங்கும். ட்ரெய்லரில் பைக்கைப் பிடித்துக்கொள்ள யாரையும் உட்கார வைக்காதீர்கள், பையன் எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

முதல் ஐந்து கிலோமீட்டர்

காரின் பின் டயர்களுக்குக் கையேட்டில் முழுப் பாரத்துக்கு என்ன காற்று சொல்லியிருக்கிறதோ அதை வையுங்கள். ட்ரெய்லர் டயருக்கு, டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைத் தாண்டாமல். விளக்குகளை ஒருவர் பின்னால் நின்று பார்த்துச் சொல்லட்டும்.

ஊருக்குள் மெதுவாக ஓட்டி, ஐந்து கிலோமீட்டரில் ஓரமாக நிறுத்துங்கள். பெல்ட் நான்கும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அது இயல்பு, மறுபடி இறுக்குங்கள். கப்ளர், சங்கிலி, பிளக் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். சக்கரத்தின் நடுவில் ஹப்பைக் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் போகப்போகிறது, திரும்பிவிடுங்கள். இதையே பிறகும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்யுங்கள். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர், நடுவே உச்சிப்புளியிலும் மண்டபத்திலும் ஒரு டீக்கு நிறுத்தினால் போதும்.

ஓட்டும்போது

நாலுவழிச் சாலையில் 60, மற்ற இடங்களில் 50. பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களை விட்டுவிடுங்கள். பிரேக் போட்டு நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கமாக ஏறும். 40-ல் நிற்கும் தூரத்தைவிட 60-ல் இரண்டே கால் மடங்கு வேண்டும், அதுவும் ட்ரெய்லர் இல்லாமல். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே வழக்கமாக விடுவதைப் போல இரண்டு மடங்கு இடம் விடுங்கள். மீன் வண்டிக்குப் பின்னால் என்றால் இன்னும் அதிகம். ஐஸ் உருகிச் சொட்டும் தண்ணீர் ரோட்டை வழுக்க வைக்கும்.

திருப்பத்தில் ட்ரெய்லர் காரைவிட உள்ளே வெட்டும். இடது பக்கம் திரும்பும்போது கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்புங்கள், இல்லையென்றால் மூலையில் நிற்கும் கல்லையோ ஆளையோ ட்ரெய்லர் சக்கரம் தொடும். ஸ்பீடு பிரேக்கரில் கார் ஏறி இறங்கியதும் வேலை முடிந்தது என்று ஆக்சிலேட்டரை மிதித்துவிடுவோம், ட்ரெய்லர் இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கும். அது இறங்கும் சத்தம் கேட்ட பிறகு மிதியுங்கள்.

வால் ஆடத் தொடங்கினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராக, கெட்டியாகப் பிடியுங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பவே வேண்டாம், உங்கள் கை எப்போதும் அரை நொடி பிந்தித்தான் வரும், அது ஆட்டத்தைக் கூட்டும். பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம், வேகத்தைக் கூட்டித் தப்பிக்கவும் பார்க்க வேண்டாம். வேகம் குறைந்தால் ஆட்டம் தானாக அடங்கும். அடங்கியதும் ஓரம் கட்டுங்கள். ஒருமுறை ஆடிய ட்ரெய்லர் அதே வேகத்தில் மறுபடி ஆடும். பைக் பின்னால் நகர்ந்திருக்கிறதா, டயரில் காற்று இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பாம்பன் பாலமும் காற்றும்

1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் 2.3 கிலோமீட்டர் நீளம், நடுவில் கப்பல் போகும் அளவுக்கு உயர்ந்திருக்கும். இரண்டு பக்கமும் கடல், காற்றுக்குத் தடுப்பு எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த 1914-ம் ஆண்டின் பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். டன் கணக்கில் எடையுள்ள ரயிலுக்கே அப்படியென்றால், 270 கிலோ ட்ரெய்லருக்கு அதைவிடக் குறைந்த காற்றே போதும். மண்டபத்தில் தென்னை மட்டைகள் ஒரே பக்கமாக வளைந்து நின்றால், காற்று தணியும் வரை அங்கேயே காத்திருங்கள். பெரும்பாலும் விடியற்காலையில் காற்று குறைவு.

காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்பது மாதத்தையும் திசையையும் பொறுத்தது. பாலம் கிட்டத்தட்ட மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று. ராமேஸ்வரம் போகும்போது அது வலப்பக்கம் பின்னாலிருந்து வந்து உங்களை இடது ஓரத்துக்குத் தள்ளும். திரும்பி வரும்போதுதான் கவனம் தேவை: இடப்பக்கமிருந்து வந்து எதிரே வரும் பஸ்ஸை நோக்கித் தள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும்போது இது அப்படியே தலைகீழ். போகும்போது எதிர்ப்பக்கம் தள்ளும், வரும்போது ஓரத்துக்குத் தள்ளும். ஆகவே ஆடியில் திரும்பும் பயணத்தையும், கார்த்திகையில் போகும் பயணத்தையும் காலை நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாலத்தில் 40-க்கு மேல் வேண்டாம். எதிரே பெரிய பஸ் கடக்கும்போது காற்று ஒரு கணம் மறைந்து, உடனே மறுபடி அடிக்கும். அந்த இரண்டாவது அடிதான் ட்ரெய்லரை ஆட்டும். பஸ் வரும் முன்பே ஆக்சிலேட்டரைத் தளர்த்தி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடலைப் பார்க்க மற்றவர்கள் பாலத்தில் வண்டியை நிறுத்துவார்கள். அவர்களைச் சுற்றி வர வலது பக்கம் ஏற வேண்டியிருக்கும், உங்கள் நீளம் இப்போது இரண்டு மடங்கு என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் அங்கே நிறுத்தவே வேண்டாம்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேஸ்வரத்துக்கு ட்ரெய்லரோடு போகாதீர்கள். கூட்டத்துக்கு நடுவே திருப்ப இடமே கிடைக்காது.

தனுஷ்கோடிச் சாலையும் மணலும்

2017-லிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. ஆனால் கடல்காற்று மணலைச் சாலையில் கொண்டுவந்து போடும். மணல் திட்டின்மேல் பிரேக் போடாதீர்கள், வேகத்தை முன்பே குறைத்து நேராகக் கடந்துவிடுங்கள். ஓரத்து மணலில் ட்ரெய்லரை இறக்கவே வேண்டாம். சின்னச் சக்கரம் அச்சு வரை புதையும், முன்சக்கரக் கார் அதை இழுக்க முயன்று தானும் புதையும். என்னைக் கேட்டால் ட்ரெய்லரை ராமேஸ்வரத்திலேயே நல்ல இடத்தில் நிறுத்தி, பைக்கை இறக்கி, தனுஷ்கோடிக்குப் பைக்கில் போங்கள். அந்தச் சாலையின் அழகு முழுவதும் பைக்கில்தான் கிடைக்கும்.

ரிவர்ஸ் எடுப்பது

ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் ஒரு கையை வையுங்கள். ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். இவ்வளவுதான் சூத்திரம். சின்ன ட்ரெய்லர் பெரியதைவிடச் சட்டென்று மடங்கும், அதனால் கை ஒரு விரல் அளவு நகர்ந்தால் போதும். மடங்கத் தொடங்கினால் எதிர்ப்பக்கம் திருப்பிச் சமாளிக்காமல், முன்னால் போய் நேராக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். காலி மைதானத்தில் ஒரு மாலை முழுவதும் இதைப் பழகுங்கள். சந்துக்குள் மாட்டிக்கொண்டால், பைக்கை இறக்கி ட்ரெய்லரைக் கழற்றிக் கையால் திருப்புவதே சீக்கிரம் முடியும்.

இறக்கிய பிறகு

இறக்கும்போது முதலில் பின்பெல்ட்டுகள், பிறகு முன்பெல்ட்டுகள், ஒருவர் பைக்கைக் கெட்டியாகப் பிடித்திருக்க. முன்பெல்ட்டை விடும்போது ஃபோர்க் எழும்பும், அதை எதிர்பார்த்து நில்லுங்கள். எஞ்சின் அணைந்திருக்கட்டும், முன்பிரேக்கைப் பிடித்துப் பிடித்துப் பின்னோக்கி இறக்குங்கள்.

கடற்கரைக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரால் பைக், ட்ரெய்லர், கப்ளர், சங்கிலி எல்லாவற்றையும் கழுவுங்கள். வாலிநோக்கம் உப்பளப் பக்கம் போய்வந்தால் அடிப்பாகத்தை இரண்டு முறை. உப்பு தண்ணீர் போர்வெல்லில் கழுவினால் கழுவாததற்குச் சமம். பைக் செயினுக்கு ஆயில், பந்துக்குக் கொஞ்சம் கிரீஸ், 7 பின் பிளக்குக்குள் ஈரம் இல்லாமல் துடைத்து மூடி. பெல்ட்டுகளையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். மணல் ஒட்டிய பெல்ட் உள்ளிருந்து அறுபடும், வெயில் அதன் பலத்தைத் தின்னும். ஓரத்தில் நூல் பிரிந்த பெல்ட்டைத் துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அவசரத்தில் யாராவது எடுத்து மறுபடி கட்டிவிடுவார்கள்.